எலுமிச்சம்பழத்துக்கு முந்தைய நாள்

(கோவையில் இளம் கார் ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கார் வாங்குவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று வேறு ஊரில் கேட்டிருந்தால் தயங்கியிருப்பேன். கோவையில் தயக்கம் இல்லை. செட்டிப்பாளையம் பக்கம் வீடு இருப்பவர்களுக்குப் பந்தய நாட்களில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலிருந்து காற்றில் மிதந்து வரும் இன்ஜின் சத்தம் பழக்கமானது. அந்தத் தடத்துக்குப் பெயர் தந்த கரிவர்தன், மாருதி 800 காரின் இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காருக்குள் பொருத்தியவர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் காய்கறி வாங்கி வரும் வண்டியின் இன்ஜின் அது. அதைக் கொண்டே ஒரு தலைமுறைக்குப் பந்தயம் கற்றுக் கொடுக்க முடியும் என்று அவர் நம்பினார், செய்தும் காட்டினார். நான் இன்றைக்குப் பேசப்போகும் வண்டியும் அதே நம்பிக்கையில் பிறந்ததுதான்.

ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் என்று சொல்கிறோம். பின்கதவு மேலே திறக்கும், நான்கைந்து பேர் உட்காரலாம், சந்துக்குள் நுழையும். ஆனால் வலது காலை அழுத்தினால் முதுகை இருக்கையோடு சேர்த்து அழுத்தும். இந்த எண்ணத்துக்கு உலகம் முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. 1976-இல் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் இன்ஜின், 110 குதிரைத்திறன், எண்ணூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டும் எடை. 5,000 வண்டி விற்றால் போதும் என்று நினைத்துத்தான் தொடங்கினார்கள். முதல் தலைமுறையே நான்கரை லட்சத்தைத் தாண்டியது. அதன் கட்டம் போட்ட இருக்கைத் துணியையும், கோல்ஃப் பந்து வடிவக் கியர் குமிழையும் வடிவமைத்தவர் குன்ஹில்ட் லில்யக்விஸ்ட் என்ற பெண். இன்றைக்கும் அந்தக் கட்டத்துணி அந்தக் காரில் தொடர்கிறது. ஓட்டுகிறவரின் கை படும் இடமும் முதுகு படும் இடமும் முக்கியம் என்று ஒருவர் அன்றைக்கே யோசித்திருக்கிறார்.

அதே ஜி.டி.ஐ. 2025-இல் இறக்குமதியாக இந்தியாவுக்கு வந்தபோது எக்ஸ்-ஷோரூம் விலை சுமார் 53 லட்சம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 20 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள், வரி மட்டும் பத்தரை லட்சத்துக்கு மேல். அந்த வரிப் பணத்திலேயே நம் ஊரில் ஒரு நல்ல ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் வாங்கிவிடலாம். ஆகவே அதை ஆசையோடு பார்த்துவிட்டு, நம் கைக்கு எட்டும் வண்டிக்கு வருவோம்.

நம் ஊர் ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக்குகள் ஏன் எல்லாமே 1 லிட்டர், 1.2 லிட்டர் டர்போவாக இருக்கின்றன? இதற்கு விடை பொறியாளரின் மேஜையில் இல்லை, வரவு செலவுத் திட்டத்தில் இருக்கிறது. 2006-இல் ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது சிறிய கார்களின் உற்பத்தி வரியை 24-இலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சிறிய கார் என்றால் நான்கு மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்கு மேல் போகக் கூடாது. அந்தக் கோடு இன்றுவரை அழியவில்லை. இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20-இன் நீளம் 3,995 மில்லிமீட்டர், கோட்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது. அதன் என் லைன் வகையின் டர்போ இன்ஜின் 998 சி.சி. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக்குள் அடங்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் 28 சதவீத வரியும் 1 சதவீத செஸ்ஸுமாக 29. கோட்டைத் தாண்டினால் இன்றைக்கு 40 சதவீதம். பெரிய இன்ஜின் வைக்க முடியாத இடத்தில் சின்ன இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணித்து வலு எடுக்கிறார்கள். டர்போ நம் ஊரில் இவ்வளவு பரவியதற்குப் பெரிய காரணம் இந்த வரிக்கோடுதான்.

இந்த மேடையில் நின்றுகொண்டு ஜே.டி.பி.யைச் சொல்லாமல் போனால் இந்த ஊருக்கே மரியாதை இல்லை. டாடா மோட்டார்ஸும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் கைகோத்து 2018-இல் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி. உங்களில் சிலர் ஓட்டியிருப்பீர்கள். 1.2 லிட்டர் டர்போ, 114 பி.எஸ். வலு, 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அறிமுக விலை 6.39 லட்சம். ஏழு லட்சத்துக்குள் இப்படி ஒரு வண்டி அதற்குப் பிறகு வரவே இல்லை. நம் ஊர்ப் பந்தயக்காரர்களின் கைப்பக்குவம் ஒரு ஷோரூமில், கடன் வசதியோடு கிடைத்த காலம் அது. 2020-இல் அந்தக் கூட்டு முயற்சி முடிந்தது. பி.எஸ். 6 மாசு விதிகள் வந்ததும், விற்பனை போதாததும் காரணம். அபார்த் புன்டோ போய்விட்டது, பலேனோ ஆர்.எஸ். போய்விட்டது, போலோ ஜி.டி. 2022-இல் போலோவோடு சேர்ந்து போய்விட்டது. இந்த வண்டிகளைப் பற்றிப் பேசாத கார்ப் பிரியர் இல்லை. வாங்கியவர்களோ கொஞ்சம் பேர்.

ஏன் என்று நான் நீண்ட நாள் யோசித்திருக்கிறேன். விலை ஒரு காரணம், மைலேஜ் ஒரு காரணம். ஆனால் என் கண்ணால் பார்த்த காரணம் ஒன்று உண்டு. இந்த வண்டியை விற்கும் இடத்தில் இந்த வண்டியைத் தெரிந்தவர்கள் குறைவு. ஷோரூமில் நிற்கும் இளைஞருக்கு மாதத்துக்கு இத்தனை வண்டி என்று டார்கெட். டர்போ வகையைப் பற்றி விளக்கும் நேரத்தில் சாதாரண வகையில் இரண்டை அவர் விற்றுவிடலாம். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பிழைப்பு அப்படி அமைந்திருக்கிறது. அப்படியென்றால் இந்த வண்டிக்கு வேண்டிய அறிவை வாங்குகிறவர் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அதை நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன். கற்றுக்கொண்டது என் தங்கை மகனின் பணத்தில் என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

அவன் மென்பொருள் வேலையில் இருக்கிறான். முதல் கார். மூன்று வருடம் பணம் சேர்த்தான். எந்த நிறுவனத்தின் கார், எந்த ஷோரூம் என்று சொல்லப்போவதில்லை, அது இந்தப் பேச்சுக்குத் தேவையும் இல்லை. டர்போ இன்ஜின், மேனுவல் கியர் வேண்டும் என்று தெளிவாக முடிவு செய்திருந்தான். டெஸ்ட் டிரைவுக்கு வந்து நின்றதோ டர்போ இல்லாத இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். கேட்டதற்கு, “ரெண்டும் ஒண்ணுதானுங்க சார், பிக்கப் மட்டும் கொஞ்சம் அதிகமா இருக்கும்” என்றார்கள். மெயின் ரோட்டில் ஏறி, அடுத்த யூ டர்னில் திரும்பி, ஏழு நிமிடத்தில் ஷோரூம் வாசலில் வந்து நின்றோம். அன்றே புக்கிங் பணம் கட்டிவிட்டான். நான் கூடவே இருந்தேன், தடுக்கவில்லை.

ரெண்டும் ஒண்ணு அல்ல. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இந்த வண்டியின் உயிரே இதில்தான் இருக்கிறது.

ஐ20-ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் டர்போ இல்லாத 1.2 லிட்டர் இன்ஜின் தரும் முறுக்குவிசை 115 நியூட்டன் மீட்டர் அளவில். அதையும் அது நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தாண்டித்தான் முழுதாகத் தரும். என் லைனின் 1 லிட்டர் டர்போ 172 நியூட்டன் மீட்டரை 1,500 சுற்றிலேயே தந்துவிட்டு 4,000 வரை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்குள் வேகம் குறைந்து, இரண்டாவது கியரில் திரும்பி வெளியே வருகிறீர்கள். சாதாரண இன்ஜினில் அந்த நேரத்தில் கியரைக் குறைத்து, இன்ஜினைக் கத்தவிட்டு ஏற்ற வேண்டும். டர்போவில் கால் விரலைக் கொஞ்சம் நீட்டினால் போதும், வண்டி தானாக எழுந்து போகும். எதிரில் பேருந்து வருகிறதா என்று பார்க்க உங்கள் கவனம் மிச்சமாகிறது. 120 பி.எஸ். என்பதை நெடுஞ்சாலையில் காட்டும் வேகம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது மலையில் ஏறும்போது மிஞ்சும் கவனம்.

அதற்கு மறுபக்கமும் உண்டு. 1,500 சுற்றுக்குக் கீழே டர்போ இன்னும் விழிக்கவில்லை. அந்த நேரத்தில் உங்களிடம் இருப்பது நான்கு பேரை ஏற்றிய 1 லிட்டர் வண்டி. உக்கடம் நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டே போய் சட்டென்று இடைவெளிக்குள் நுழைய நினைத்தால், அரை நொடி எதுவும் நடக்காது, பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். இந்த அரை நொடியை நீங்கள் வாங்குவதற்கு முன்பே சந்தித்திருக்க வேண்டும். ஏழு நிமிட யூ டர்ன் ஓட்டத்தில் அது கண்ணில் படாது.

கியர்பாக்ஸும் அப்படித்தான். இந்த வகை வண்டிகளில் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் வருகிறது. ஒரு கிளட்ச் ஒற்றைப்படை கியர்களைப் பிடித்திருக்கும், இன்னொன்று இரட்டைப்படை கியர்களைத் தயாராக வைத்திருக்கும். அதனால் மாறுவது கண் இமைக்கும் நேரத்தில் நடக்கிறது. ஓடும் சாலையில் இதற்கு இணை கிடையாது. ஆனால் போலோ ஜி.டி. முதல் ஐ20 என் லைன் வரை நம் ஊருக்கு வந்த பலவற்றில் இருப்பது எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். நிற்பதும் ஒரு அடி நகர்வதுமாக அரை மணி நேரம் போனால் கிளட்ச் பாதி ஒட்டியும் பாதி வழுக்கியும் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும். மேம்பாலத்து ஏற்றத்தில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துபவர்கள் அதை இன்னும் வதைக்கிறார்கள். உங்கள் அன்றாடம் காந்திபுரத்துக்குள்ளேயே கழிகிறது என்றால் மேனுவல் கியரை ஒரு முறையாவது ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் சொந்தத் தேர்வு மேனுவல்தான். இடது காலுக்கு வேலை இருக்கும் வரை ஓட்டுவதில் மனம் கலந்திருக்கிறது என்று நம்புகிற ஆள் நான்.

டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவையும் அழைத்துப் போங்கள். இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கக்கூடும், நான் சிரிக்கச் சொல்லவில்லை. இந்த வண்டிகளின் சஸ்பென்ஷன் இறுக்கமானது. வளைவில் வண்டி சாயாமல் நிற்க அது வேண்டும். முன்னிருக்கையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் உங்களுக்கு அந்த இறுக்கம் இன்பமாக இருக்கும். பின்னிருக்கையில் இடுப்பு வலியோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அதே இறுக்கம் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி. அவருக்கு ஒத்துவராத காரில் குலதெய்வக் கோயிலுக்குப் போக நீங்கள் வாடகைக் கார் பிடிக்க வேண்டியிருக்கும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, உங்கள் தெருவிலேயே உள்ள மோசமான வேகத்தடையில் ஏற்றி, அடி தட்டுகிறதா என்று கேளுங்கள். டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே வரச்சொன்னால் பெரும்பாலும் அனுப்புவார்கள். கேட்கிறவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

அடுத்தது கொட்டேஷன். ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும், கீழே ஆன்-ரோடு விலை என்று ஒரு பெரிய எண். எல்லோரும் அந்தக் கடைசி எண்ணில்தான் பேரம் பேசுவார்கள். நான் வரி வரியாகப் பேசச் சொல்கிறேன்.

முதலில் சாலை வரி. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக்குகள் சரியாக இந்த 10 லட்சக் கோட்டின் இரண்டு பக்கமும் நிற்கின்றன. 2024 ஜூனில் டாடா ஆல்ட்ரோஸ் ரேசர் வந்தபோது கீழ் வகை 9.49 லட்சம், நடு வகை 10.49 லட்சம். வித்தியாசம் ஒரு லட்சம் என்றுதான் கண்ணுக்குத் தெரியும். கீழ் வகைக்குச் சாலை வரி சுமார் 1.23 லட்சம், நடு வகைக்கு சுமார் 1.89 லட்சம். 10 லட்சத்தைத் தாண்டியதும் ஒரு சதவீதம் டி.சி.எஸ். வேறு பிடிப்பார்கள், அது பத்தாயிரத்துச் சொச்சம். டி.சி.எஸ். உங்கள் வருமான வரிக் கணக்கில் திரும்ப வந்துவிடும், அதை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாலை வரி திரும்ப வராது. சன்ரூஃபும் இன்னும் நாலு வசதியும் ஒரு லட்சத்துக்கு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டால் உண்மையில் கொடுப்பது 1.65 லட்சத்துக்கு மேல். இன்ஜின் இரண்டிலும் ஒன்றே. இன்றைக்கு விலைகள் மாறியிருக்கும், அந்தக் கோடு அங்கேயேதான் இருக்கிறது.

அடுத்து இன்சூரன்ஸ். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுக்குச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் விதி. ஆனால் அதை எந்தக் காப்பீட்டு நிறுவனத்தில் எடுப்பது என்பது உங்கள் உரிமை. ஷோரூமில் “எங்க கிட்ட எடுத்தாத்தாங்க டெலிவரி” என்று சொன்னால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. வெளியே இரண்டு இடத்தில் அதே காப்பீட்டுத் தொகைக்கு, அதே ஜீரோ டிப்ரிசியேஷன் வசதியோடு விலை கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அந்தத் தாளை மேஜையில் வைத்ததும் ஷோரூம் விலை இறங்குவதை நான் இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். அரசுக்குப் போகும் பணம் அல்ல அது. பாடி கோட்டிங், பாய், சீட் கவர் இவற்றையெல்லாம் வேண்டுமென்றால் வாங்குங்கள், வேண்டாமென்றால் அடிக்கச் சொல்லுங்கள். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

நான் சொல்ல வந்த இடத்துக்கு இப்போது வந்துவிட்டேன். டெலிவரி நாள்.

2023 டிசம்பர், ஒரு சனிக்கிழமை. ராகு காலம் முடிந்து பத்தரைக்கு மேல் வண்டி எடுப்பதாக ஏற்பாடு. தங்கை காலையிலேயே நான்கு எலுமிச்சம்பழம், ஒரு பூசணிக்காய், கற்பூரம், பூ எல்லாம் எடுத்துப் பையில் வைத்திருந்தாள். மாப்பிள்ளை லீவு போட்டிருந்தார். தங்கை மகனின் நண்பர்கள் ஆறு பேர். ஷோரூமில் வண்டிமேல் சிவப்புத் துணி போர்த்தியிருந்தது, கேக் இருந்தது, படம் எடுக்க ஒருவர் தயாராக நின்றார். துணியை இழுத்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பையன் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

தங்கை டயருக்கு முன்னால் பழத்தை வைக்கக் குனிந்தாள். உதவி செய்ய நானும் குனிந்தேன். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் கண்ணில் பட்டது. 0523. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2023-ஆம் ஆண்டின் ஐந்தாவது வாரத்தில் செய்த டயர். டயர் வண்டியைவிடக் கொஞ்சம் முந்தியதாக இருப்பது இயல்புதான், அதனால் பதறாமல் எழுந்து போய் விற்பனைச் சான்றிதழைக் கேட்டேன். படிவம் 21 என்பார்கள். அதில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். பிப்ரவரி 2023. வண்டி பத்து மாதம் எங்கோ ஒரு யார்டில் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கிறது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய வண்டிக்குரிய தள்ளுபடியும் தரவில்லை.

பேசலாம் என்று வாயைத் திறந்தேன். மேலாளர் மெதுவாகச் சொன்னார், “நம்பர் விழுந்திருச்சுங்க சார்.” பதிவு முடிந்துவிட்டது. வண்டி சட்டப்படி அவன் பெயரில் நிற்கிறது. திரும்பிப் பார்த்தேன். தங்கை கற்பூரத்தைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். “அண்ணா, நல்ல நேரம் போயிட்டிருக்குது, வாங்க” என்றாள். தங்கை மகன் என் கையைப் பிடித்து, “விடுங்க மாமா, இன்னைக்கு வேண்டாம்” என்றான். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி வெளியே வந்தது. இரண்டாவது மாதம் பேட்டரி செத்தது. ஒரே இடத்தில் நின்றதால் டயரில் தட்டை விழுந்து, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கியது. நாளைக்கு விற்கப் போனால் தயாரித்த தேதியைத்தான் பார்ப்பார்கள்.

நண்பர்களே, பூஜை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். முதல் கார் எடுக்கும் குடும்பத்துக்கு அந்த எலுமிச்சம்பழம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அந்த நாள் மகிழ்ச்சிக்கு மட்டும் உரிய நாளாக இருக்க வேண்டுமென்றால் சோதனை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதுவும் பதிவுக்கு முன்பே. பணத்தின் பெரும் பகுதியைக் கட்டுவதற்கு முன் சேசிஸ் எண்ணை எழுத்தில் கேளுங்கள். பதினேழு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் அது. அந்த வண்டியை யார்டிலேயே போய்ப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடிக் கூரைக்குக் கீழே விளக்கு வெளிச்சத்தில் பெயின்ட் எல்லாமே பளபளக்கும்.

என்ன பார்ப்பது? கண்ணாடியில் ஒட்டியிருப்பதும் கதவு நிலையில் பொறித்திருப்பதும் தாளில் இருப்பதும் ஒரே சேசிஸ் எண்ணா என்று பாருங்கள். ஓடிய தூரம் எத்தனை என்று பாருங்கள். நூற்றுக்கணக்கில் காட்டினால் அது டெஸ்ட் டிரைவில் ஓடியதா என்று கேளுங்கள். நான்கு டயரிலும் அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள், ஸ்டெப்னியையும் விடாதீர்கள். ஒரு டயர் மட்டும் வேறு தேதி காட்டினால் அது ஏன் மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். பானெட்டுக்குள் எலி கடித்த ஒயர் இருக்கிறதா, இலைச்சருகு இருக்கிறதா என்று பாருங்கள், நீண்ட நாள் நின்ற வண்டியை அது காட்டிக்கொடுத்துவிடும். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏ.சி.யைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். இத்தனைக்கும் முக்கால் மணி நேரம் போதும். யார்டில் யாரும் கேக் வெட்டமாட்டார்கள், யாரும் படம் எடுக்கமாட்டார்கள், அம்மா கற்பூரத்தோடு நிற்கமாட்டார். அங்கே வேண்டாம் என்று சொல்வது எளிது.

இன்னொன்று, இங்கே இருக்கும் இளைஞர்களுக்காக. வண்டி கைக்கு வந்த மறுவாரமே இ.சி.யூ. ரீமேப் செய்து இன்னும் முப்பது குதிரைத்திறன் ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். ஏற்றலாம். அந்த நிமிடமே இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள வாரன்டி ஆபத்தில் விழுகிறது. உலர் கிளட்ச் தாங்கும் முறுக்குவிசைக்கு ஓர் எல்லை உண்டு. நம் மோட்டார் காப்பீட்டுப் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் அது செல்லாது என்று எழுதியிருக்கும். டிராக்கில் ஓட்ட ஆசைப்படுங்கள், அந்த ஆசை நல்லது, அதற்கு இந்த ஊரிலேயே இடம் இருக்கிறது. எல் அண்ட் டி பைபாஸைவிட அங்கே ஓட்டுவது எவ்வளவோ மேல். ஆனால் அங்கே நேரும் அடிக்கு உங்கள் கைப்பணம்தான் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

ஜி.எஸ்.டி. குறைந்த பிறகு நானும் ஒரு டர்போ ஹேட்ச்பேக் வாங்கினேன், மேனுவல் கியர். பதிவுக்குக் கொடுப்பதற்கு முன்பே தங்கை மகனும் நானும் யார்டுக்குப் போனோம். முதலில் காட்டிய வண்டியின் பின் பம்பரில் மீண்டும் பெயின்ட் அடித்த தடம் இருந்தது. அவன்தான் கண்டுபிடித்தான். வேறு வண்டி கேட்டோம், பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். அந்த வண்டி வந்து சோதித்து முடித்ததும் தங்கைக்கு போன் செய்து பழம் வாங்கச் சொன்னது அவன்தான்.

அந்த வண்டி இப்போது கீழே வாசலில் நிற்கிறது. டயரில் அந்த நான்கு இலக்கம் எங்கே இருக்கும், சேசிஸ் எண்ணை எங்கே பார்ப்பது என்று நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் என்னோடு வாருங்கள். இருட்டுவதற்குள் பார்த்துவிடலாம்.